லேடெக்ஸ் அலர்ஜி: உடம்பு எதைக் கண்டு மிரள்கிறது?

"எனக்கு ரப்பர் ஆகாது" என்று சிலர் சொல்வதுண்டு. பலூன் ஊதினால் உதடு வீங்கும், கையுறை போட்டால் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், பல் டாக்டரிடம் போய்வந்தால் வாயைச் சுற்றி அரிக்கும். அவர்கள் படுவது உண்மைதான். பழிதான் இடம் மாறிப் போய்விடுகிறது. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சின்ன மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நிற்கும் ஒரு நீண்ட சங்கிலி. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது மிரள்வது, அந்த ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வரும் சில புரதங்களைக் கண்டு.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் லேடெக்ஸ் அலர்ஜியில் விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் பிடிபட்டுவிடும். கார் டயரைத் தொட்டால் ஒன்றும் ஆகாதவருக்குக் கையுறை ஏன் ஆபத்து? வாழைப்பழத்துக்கும் இதற்கும் என்ன உறவு? ஒரு நர்ஸுக்கும், பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறையுள்ள ஒரு குழந்தைக்கும் அலர்ஜி ஒன்றுதான் என்றாலும் ரத்தப் பரிசோதனை ஏன் வேறு வேறாக வருகிறது? எல்லாவற்றுக்கும் இரண்டே கேள்விகள்தான் கேட்க வேண்டும். எந்தப் புரதம்? எந்த வழியாக உள்ளே போனது?

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால்

ஹெவியா பிரேசிலியென்சிஸ் என்ற ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவினால் வெள்ளைப் பால் வடியும். அதுதான் லேடெக்ஸ். அது மரத்தின் சாறு அல்ல. பட்டைக்குள் குழாய்போல் இணைந்து கிடக்கும் தனி வகைச் செல்களின் உள்ளடக்கமே வெட்டின் வழியாக வெளியே வழிகிறது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், 100க்கு 1 அல்லது 2 பங்கு புரதம்.

அந்தக் கொஞ்சப் புரதமும் பாலில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. ஒரு பகுதி, ரப்பர்த் துகள்களின் மேற்பரப்பில் போர்த்தியதுபோல் ஒட்டியிருக்கிறது. இன்னொரு பகுதி, லூட்டாய்டு எனப்படும் மிகச் சிறிய பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மரத்தில் வெட்டு விழுந்ததும் இந்தப் பைகள் உடைகின்றன. உள்ளேயிருந்து ஹெவின் என்ற குட்டிப் புரதம் வெளியே வந்து ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்க, பால் உறைந்து காயத்தின் வாயை அடைக்கிறது. ஹெவினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கும் கைட்டின் என்ற பொருளை அது கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். அதே பைகளுக்குள் இருக்கும் குளுக்கனேஸ், கைட்டினேஸ் போன்ற நொதிகள் பூஞ்சையின் சுவரை அரித்துச் சிதைக்கும். காயம் பட்ட இடத்தில் கிருமி நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக மரம் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது.

ஆக, மனிதர்களுக்கு அலர்ஜி தரும் லேடெக்ஸ் புரதங்களில் பல, மரத்தின் சொந்தத் தற்காப்புக் கருவிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழங்களைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

இதுவரை இப்படிப்பட்ட 15 புரதங்களுக்கு முறையான பெயர் கொடுத்திருக்கிறார்கள். மரத்தின் அறிவியல் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து 'ஹெவ் பி' என்று வைத்து, பக்கத்தில் ஓர் எண். ஹெவ் பி 1, ஹெவ் பி 2 என்று ஹெவ் பி 15 வரை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஐந்து போதும். ஹெவ் பி 1, ஹெவ் பி 3 இரண்டும் ரப்பர்த் துகளின் மேல் ஒட்டியிருப்பவை, தண்ணீரில் எளிதில் கரையாதவை. ஹெவ் பி 5, ஹெவ் பி 6 இரண்டும் கரையக்கூடியவை. மேலே சொன்ன ஹெவின் இந்த ஆறாம் எண்ணின் ஒரு துண்டுதான், பரிசோதனை அறிக்கையில் ஹெவ் பி 6.02 என்று வரும். ஐந்தாவதாக ஹெவ் பி 8. இது பெரும்பாலும் ஆபத்தில்லாத ஆள், ஆனால் குழப்பம் செய்வதில் கெட்டிக்காரர். அவரைப் பற்றி அப்புறம்.

ஹெவின் எவ்வளவு சின்னது என்றால், 43 அமினோ அமிலங்கள், அவ்வளவே. ஆனால் அதற்குள் நான்கு கந்தகப் பிணைப்புகள் குறுக்கும் நெடுக்குமாக அதை இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அதனால் எளிதில் உருக்குலையாது. பாலைப் பதப்படுத்தி, அச்சில் தோய்த்து, சூடாக்கிக் கையுறையாக்கிய பிறகும் அடையாளம் கெடாமல் நிற்கிறது. அலர்ஜியைத் தூண்டும் புரதங்கள் பலவற்றில் இந்தக் குணத்தைப் பார்க்கலாம். சிறியது, கரையக்கூடியது, உறுதியானது.

முதல் முறை ஒன்றும் நடக்காது

அலர்ஜி என்றாலே தொட்டவுடன் வெடிப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு கட்டமாக நடக்கிற விஷயம். முதல் கட்டத்தில் வெளியே எதுவுமே தெரியாது.

லேடெக்ஸ் புரதம் தோலின் வெடிப்பு வழியாகவோ, மூக்கு, வாய், சிறுநீர்ப்பாதை போன்ற இடங்களின் ஈரச் சவ்வு வழியாகவோ, அறுவை சிகிச்சையின்போது நேரடியாகத் திசுவிலோ நுழைகிறது. அங்கே டென்ட்ரைடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அதை விழுங்கித் துண்டு துண்டாக்கி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்களிடம் காட்டுகின்றன. பெரும்பாலானவர்களில் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். "இது ஒன்றும் கெடுதலானது இல்லை, விட்டுவிடு" என்று அடக்கிவைக்கும் டி செல்கள் மேலோங்கிவிடும். கையுறையைக் காலமெல்லாம் போட்டுக் கழற்றியும் பெரும்பாலோருக்கு எதுவும் ஆகாததற்கு இதுதான் காரணம்.

சிலரில் மட்டும் பாதை திரும்புகிறது. உதவி டி செல்களில் இரண்டாம் வகை எனப்படும் பிரிவு தலைதூக்குகிறது. அவை இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. இந்தச் சமிக்ஞை கிடைத்த பி செல்கள், வழக்கமாகச் செய்யும் எதிர்ப்புரதத்தை விட்டுவிட்டு, ஐஜிஈ என்ற தனி வகை எதிர்ப்புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. இந்த ஐஜிஈ 1960களின் பிற்பகுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஜப்பானியத் தம்பதிகளான கிமிஷிகே இஷிசாகாவும் தெருகோ இஷிசாகாவும் அமெரிக்காவில் ஒரு பக்கம், ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் இன்னொரு பக்கம் என்று தனித்தனியே அதை எட்டினார்கள். அதற்கு முன்பு, அலர்ஜி உள்ளவரின் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது.

ரத்தத்தில் ஐஜிஈயின் அளவு மற்ற எதிர்ப்புரதங்களோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு. மிதக்கும் ஐஜிஈயில் பாதி இரண்டு மூன்று நாளில் காணாமல் போய்விடும். ஆனால் மாஸ்ட் செல் என்ற செல்லின் மேற்பரப்பில் அது போய் ஒட்டிக்கொண்டால், வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மாஸ்ட் செல்கள் தோலடியிலும், மூச்சுக்குழாய்ச் சுவரிலும், குடலிலும், ரத்தக் குழாய்களை ஒட்டியும் பரவிக் கிடப்பவை. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்கள் நிரம்பிய குருணைப் பைகள் தயாராக இருக்கும். ஹெவ் பி 5ஐயோ ஹெவ் பி 6ஐயோ அடையாளம் காணும் ஐஜிஈயைச் சுமந்துகொண்டு இந்தச் செல்கள் காத்திருக்கும் நிலைக்குத்தான் 'உணர்திறன் ஏறிவிட்டது' என்று பெயர். அந்த மனிதருக்கு இதுவரை ஒரு தும்மல்கூட வந்திருக்காது.

இரண்டாம் முறை

இப்போது அதே மனிதர் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லேடெக்ஸ் கையுறை அணிந்த விரல் கன்னத்தின் உட்புறத்தைத் தொடுகிறது. எச்சிலில் புரதம் கரைகிறது. வாய்ச் சவ்வு மெல்லியது, அடியில் ரத்த ஓட்டம் அதிகம். சில நிமிடங்களில் புரதம் சவ்வைத் தாண்டி ஒரு மாஸ்ட் செல்லை அடைகிறது.

ஒரு புரதம் ஒரே ஓர் ஐஜிஈயைப் பிடித்தால் எதுவும் நடக்காது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஐஜிஈக்களை அது ஒரே நேரத்தில் பிடித்து இணைக்க வேண்டும். குட்டி ஹெவினின் உடம்பிலேயே ஐஜிஈ பற்றிக்கொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருப்பதால் அதற்கு இது எளிது. இணைந்த மறுகணம், செல்லின் உள்ளே கால்சியம் எகிறுகிறது. குருணைப் பைகள் செல்லின் விளிம்புக்கு வந்து திறந்து கொட்டுகின்றன. முதலில் வெளியேறுவது ஹிஸ்டமினும் டிரிப்டேஸ் என்ற நொதியும்.

ஹிஸ்டமின் பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன, அதனால் சிவப்பும் வீக்கமும். நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் அரிப்பு. மூக்கில் என்றால் தும்மலும் நீரொழுக்கும், மூச்சுக்குழாயில் என்றால் தசை இறுகி மூச்சிரைப்பு. அடுத்த சில நிமிடங்களில் அதே மாஸ்ட் செல் புதிதாக லூகோட்ரைன், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்களையும் தயாரித்து விடுகிறது. மூச்சுக்குழாயை இறுக்குவதில் லூகோட்ரைன் ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வல்லது.

இது ஓரிடத்தோடு நின்றால் தடிப்பு. உடம்பு முழுவதும் உள்ள மாஸ்ட் செல்கள் ஒரே சமயத்தில் திறந்துகொண்டால் அனாபிலாக்சிஸ். ரத்தக் குழாய்கள் எங்கும் விரிவதால் ரத்த அழுத்தம் சரிகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது. இது உயிர் போகும் அவசரம். தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. ஹிஸ்டமினின் வாயை மட்டும் அடைக்கும் மாத்திரை, விழுந்த ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது.

சிலருக்கு எல்லாம் அடங்கிச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை ஒன்று வரும். மாஸ்ட் செல்கள் விடுத்த சமிக்ஞையைப் பின்பற்றி இயோசினோஃபில் போன்ற செல்கள் அங்கே வந்து சேர்வதுதான் அதற்குக் காரணம். அதனால்தான் கடுமையான எதிர்வினைக்குப் பிறகு "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றாலும் டாக்டர்கள் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டே அனுப்புகிறார்கள்.

எல்லாக் கையரிப்பும் இது அல்ல

கையுறையால் வரும் தோல் தொல்லைகளில் பெரும்பாலானவை மேலே சொன்ன அலர்ஜியே அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

வியர்வை, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பவுடரின் உராய்வு ஆகியவற்றால் தோல் வறண்டு வெடிப்பதே அதிகம். அதில் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவாற்றலுக்கு வேலையே இல்லை. அது வெறும் எரிச்சல்.

அடுத்தது, தாமத வகை அலர்ஜி. ரப்பரை உறுதியாக்க ஆலையில் தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல் போன்ற முடுக்கி ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். சிலருக்கு இவைதான் ஆகாது. இதில் ஐஜிஈக்குப் பங்கில்லை. டி செல்களே நேரடியாக வந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அவை திரண்டு வர நேரம் பிடிக்கும் என்பதால் கையுறை போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோல் சிவந்து, கொப்புளித்து, செதிலாகும். கையுறை பட்ட எல்லையோடு நிற்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இதே முடுக்கிகள் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்க் கையுறைகளிலும் இருக்கலாம். ஆகவே லேடெக்ஸை மாற்றிவிட்டு "இன்னும் அரிக்கிறதே" என்று குழம்புபவர்கள் முடுக்கி சேர்க்காத கையுறையைத் தேட வேண்டும்.

நிமிடங்களில் வந்தால் புரதத்தின் மேல் சந்தேகப்படுங்கள், நாள் கழித்து வந்தால் ரசாயனத்தின் மேல். முழுக்கச் சரியான விதி இல்லை, ஆனால் முதல் கேள்வியாகக் கேட்க இதைவிட நல்லது இல்லை. இன்னொன்று, வெடித்துப்போன தோல் புரதத்துக்குத் திறந்த கதவு. முதலிரண்டு வகைத் தொல்லை இருப்பவர்கள் லேடெக்ஸையே தொடர்ந்து பயன்படுத்தினால், நாளடைவில் மூன்றாவது வகையும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது.

பவுடர் செய்த வேலை

ரப்பரால் உடம்பு முழுக்கத் தடிப்பு வந்த சம்பவம் 1927லேயே ஜெர்மனியில் பதிவாகியிருக்கிறது. அது பல்செட்டில் இருந்த ரப்பர். பிறகு நீண்ட மௌனம். 1979ல் பிரிட்டனில் வீட்டுக் கையுறையால் தடிப்பு வந்த ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வெளியானது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இது உலகமெங்கும் மருத்துவமனைகளின் தலைவலியாகிவிட்டது.

இடையில் வந்தது எய்ட்ஸ். 1987ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், எந்த நோயாளியின் ரத்தமானாலும் தொற்று இருக்கலாம் என்று கருதிப் பாதுகாப்போடு கையாளச் சொன்னது. கையுறையின் தேவை திடீரென்று பல மடங்கானது. அவசரத்தில் செய்த கையுறைகளைப் போதுமான அளவு அலசாமல் விட்டதால் அவற்றில் கரையும் புரதம் அதிகம் தங்கிவிட்டது என்பது இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம். தொண்ணூறுகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் மருத்துவப் பணியாளர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு லேடெக்ஸ் உணர்திறன் இருந்தது.

கையுறை எளிதாக நுழையட்டும் என்று உள்ளே மக்காச்சோள மாவுப் பவுடர் தூவியிருப்பார்கள். அது வெறும் மாவுதான், யாருக்கும் பெரிதாக அலர்ஜி இல்லை. ஆனால் கையுறையின் உட்பக்கத்திலுள்ள புரதம் இந்த மாவுத் துகளில் ஏறி ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்து ஒருவர் கையுறையைச் 'சடக்'கென்று உருவும்போது மெல்லிய வெண்புகைபோல் பவுடர் எழும்புமே, அந்தப் புகையில் ஒவ்வொரு துகளும் ஹெவ் பி 5ஐயும் ஹெவ் பி 6ஐயும் சுமந்துகொண்டு அறையெங்கும் மணிக்கணக்கில் மிதக்கும். கையுறையே போடாதவர் அந்த அறையில் மூச்சிழுத்தாலும் புரதம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். செவிலியர்களுக்கு ஆஸ்துமா வந்தது இப்படித்தான்.

இது புரிந்ததும் தீர்வும் புரிந்தது. பவுடரை எடுத்துவிடு, புரதத்தை நன்றாக அலசிவிடு. ஜெர்மனி 1998ல் பணியிடங்களில் பவுடர் பூசிய லேடெக்ஸ் கையுறைக்குத் தடை போட்டது, தொழில்சார் லேடெக்ஸ் அலர்ஜிப் புகார்கள் அங்கே வேகமாகச் சரிந்தன. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் பவுடர் கையுறைகளை 2017 ஜனவரியில்தான் தடை செய்தது. விளக்கம் கையில் இருந்தும் இருபது வருடம் தாமதித்தார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு நோயின் காரணத்தைப் பிடித்து, வேரிலேயே கிள்ள முடிந்த இது போன்ற வாய்ப்பு அலர்ஜி உலகில் அபூர்வம்.

நர்ஸும் குழந்தையும்

பிறவியிலேயே முதுகுத்தண்டு முழுதாக மூடாத ஸ்பைனா பைஃபிடா என்ற குறையுள்ள குழந்தைகளிடம் இந்த அலர்ஜி மிக அதிகம். லேடெக்ஸைத் தவிர்க்கும் வழக்கம் வருவதற்கு முந்தைய ஆய்வுகள் சிலவற்றில் பாதிப் பேருக்கு உணர்திறன் இருந்தது. பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி வரிசையாக அறுவை சிகிச்சைகள், தினமும் பலமுறை சிறுநீர்க் குழாய் செருகுதல் என்று அவர்கள் வளர்கிறார்கள்.

இங்கேதான் 'எந்த வழி' என்ற கேள்வி வேலை செய்கிறது. பவுடரோடு காற்றில் பறந்தும் வியர்வையில் கரைந்தும் வருவது ஹெவ் பி 5, ஹெவ் பி 6. மருத்துவப் பணியாளர்களின் ஐஜிஈ பெரும்பாலும் இவற்றையே குறிவைக்கிறது. ரப்பர்த் துகளோடு ஒட்டிக்கிடக்கும் ஹெவ் பி 1, ஹெவ் பி 3 அவ்வளவு எளிதாகக் கரைந்து வராது. ஆனால் ரப்பர்ப் பொருள் ஈரத் திசுவோடு நேரடியாக, திரும்பத் திரும்ப, நீண்ட நேரம் ஒட்டியிருந்தால் வந்துவிடும். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளின் ஐஜிஈ இவ்விரண்டையும் வலுவாகப் பிடிப்பது அதனால்தான். பிறந்த நாளிலிருந்தே லேடெக்ஸ் இல்லாத கருவிகளோடு இவர்களைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவமனைகளில் அலர்ஜி வெகுவாகக் குறைந்துவிட்டது.

உடம்பின் உள்ளே நேரடியாகப் படுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு சான்று: பேரியம் எனிமா பரிசோதனையில் மலக்குடலுக்குள் செருகும் குழாயின் நுனியில் லேடெக்ஸ் பலூன் இருந்தது. அதனால் அனாபிலாக்சிஸ் வந்து சிலர் இறந்தே போனார்கள். 1991ல் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது அதன் பிறகுதான்.

வாழைப்பழம் எங்கே வந்தது?

லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை ஏதாவது ஒரு தாவர உணவுக்கும் எதிர்வினை காட்டுகிறார்கள். அடிக்கடி மாட்டுபவை வாழைப்பழம், அவகாடோ, கிவி, செஸ்ட்நட் கொட்டை. இவை ரப்பர் மரத்துக்கு நெருங்கிய சொந்தமும் இல்லை.

மரத்தின் தற்காப்புக் கருவிகள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? பூஞ்சை எல்லாச் செடிகளுக்கும் எதிரி. அதனால் கைட்டினேஸ் நொதி செடிகள் பலவற்றிலும் உண்டு. அவகாடோ, வாழை, செஸ்ட்நட் ஆகியவற்றின் கைட்டினேஸ்களில் முதல் வகுப்பைச் சேர்ந்தவற்றின் தலைப்பகுதியில் ஹெவினைப் போன்ற ஒரு துண்டு இருக்கிறது. அண்ணன் தம்பிக்குள் இருக்கும் முகச்சாடை மாதிரி. ஹெவினைத் தேடுவதற்கென்று செய்யப்பட்ட ஐஜிஈ, அந்தச் சாடையைக் கண்டு இதையும் பிடித்துக்கொள்கிறது. பழம் சாப்பிட்டதும் வாய் அரிப்பதும் உதடு தடிப்பதும் இந்தக் குறுக்கு எதிர்வினைதான். சிலருக்கு அனாபிலாக்சிஸ் வரையும் போகும்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பழத்தையும் ஒதுக்கத் தொடங்குவது தேவையில்லாத தண்டனை. ரத்தப் பரிசோதனையில் வாழைப்பழத்துக்கு ஐஜிஈ காட்டுவதும், வாழைப்பழம் உண்மையில் ஒத்துக்கொள்ளாமல் போவதும் வேறு வேறு. சாப்பிட்டு எந்தத் தொல்லையும் இல்லாத பழத்தை, ஒரு பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக விட வேண்டியதில்லை. தொல்லை தந்ததை மட்டும் விட்டுவிட்டு அலர்ஜி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

நோயறிதலில் முதல் இடம் நோயாளி சொல்லும் கதைக்குத்தான். எதைத் தொட்டபோது, எவ்வளவு நேரத்தில், என்ன வந்தது? அறுவை சிகிச்சை நடுவே ரத்த அழுத்தம் சரிந்த கதையென்றால் நேரம் முக்கியம். மயக்க மருந்துகளால் வரும் எதிர்வினை ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும். லேடெக்ஸால் வருவது பெரும்பாலும் அறுவை தொடங்கி அரை மணி நேரம், ஒரு மணி நேரம் கழித்து. கையுறையிலிருந்து புரதம் திசுவுக்குள் ஊற அவ்வளவு நேரம் எடுக்கிறது. எதிர்வினை வந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் டிரிப்டேஸ் கூடியிருந்தால், மாஸ்ட் செல்கள் திறந்தது உறுதியாகும்.

அப்புறம் ஸ்கின் பிரிக் டெஸ்ட். லேடெக்ஸ் சாற்றில் ஒரு சொட்டைத் தோலில் வைத்து மெல்லக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் கொசுக்கடிபோல் எழும்பினால் அங்கே ஐஜிஈ இருக்கிறது. கடுமையான எதிர்வினை வரக்கூடும் என்பதால் அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். தாமத வகைக்கு இது உதவாது. அதற்கு முதுகில் ரசாயனங்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதற்கடுத்த நாட்களிலும் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் வேண்டும்.

ரத்தத்தில் ஐஜிஈயை அளக்கும் பரிசோதனை பாதுகாப்பானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. முன்பு சொன்ன குழப்பக்காரர் ஹெவ் பி 8 வருவது இங்கேதான். அது புரோஃபிலின் என்ற புரதம். எல்லாச் செடிகளிலும், மகரந்தத்திலும் கிட்டத்தட்ட ஒரே உருவில் இருப்பது. மகரந்த அலர்ஜி உள்ள ஒருவரின் ஐஜிஈ இதையும் பிடித்துக்கொள்ளும், பரிசோதனையில் 'லேடெக்ஸ்: பாசிட்டிவ்' என்று வந்துவிடும். அவரோ வாழ்நாள் முழுக்கப் பலூன் ஊதியவராக இருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. செடிப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும் ஐஜிஈயும் இதே போன்ற பொய் எச்சரிக்கையைத் தரும். ஆகவே இப்போது புரதங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் பரிசோதனைகள் வந்திருக்கின்றன. ஹெவ் பி 5 அல்லது ஹெவ் பி 6.02 பாசிட்டிவாக இருந்து, கதையும் ஒத்துப்போனால் உண்மையான அலர்ஜி. ஹெவ் பி 8 மட்டும் பாசிட்டிவ், தொல்லை எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

எதைத் தவிர்க்க வேண்டும், எதை வேண்டாம்

தோய்த்துச் செய்யும் மெல்லிய பொருட்களில்தான் கரையும் புரதம் அதிகம் தங்கும். கையுறை, பலூன், ஆணுறை, சில வகைக் கதீட்டர்கள், பல் மருத்துவத்தில் வைக்கும் ரப்பர்த் தாள். டயர், செருப்பின் அடிப்பகுதி போன்றவற்றுக்கு ரப்பர்ப் பாலை முதலில் உறையவைத்து, அலசி, கடும் சூட்டில் இறுக்குகிறார்கள். அதில் வெளியே வரக்கூடிய புரதம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. 'லேடெக்ஸ் பெயின்ட்' என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஓட வேண்டாம். அது செயற்கைப் பாலிமர், ரப்பர் மரத்தின் புரதம் துளியும் கிடையாது. நேர்மாறாக, 'ஹைப்போஅலர்ஜெனிக்' என்று ஒரு காலத்தில் விற்ற லேடெக்ஸ் கையுறைகளில் ரசாயனம்தான் குறைவாக இருந்தது, புரதம் அப்படியே இருந்தது. அந்த முத்திரையை அமெரிக்காவில் 1998ல் எடுக்க வைத்தார்கள்.

கையுறைக்கு மாற்றாக நைட்ரைல், நியோபிரீன், செயற்கை பாலிஐசோப்ரீன் எல்லாம் இருக்கின்றன. இந்தக் கடைசி ஆள் வேதியியலில் அச்சு அசல் இயற்கை ரப்பரேதான், அதே சங்கிலி. மரத்திலிருந்து வராததால் புரதம் மட்டும் இல்லை. லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் அதை நிம்மதியாகப் பயன்படுத்துகிறார்கள். மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் வளரும் குவாயூலே என்ற புதரிலிருந்தும் ரப்பர் எடுக்கிறார்கள். அதில் புரதம் குறைவு, இருப்பதும் வேறு புரதங்கள், ஹெவியாவுக்கு எதிரான ஐஜிஈ அவற்றைப் பிடிப்பதில்லை.

லேடெக்ஸ் சாற்றை நாக்கின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையை ஐரோப்பாவில் முயன்றிருக்கிறார்கள். சிலருக்குப் பலன் கிடைத்தது, சிலருக்கு மருந்தே எதிர்வினையைக் கிளப்பியது, எனவே வழக்கமான சிகிச்சையாக அது நிலைபெறவில்லை. ஆண்டுக்கணக்கில் தவிர்த்துவந்தால் ரத்தத்தில் ஐஜிஈ மெல்லக் குறைகிறது. ஆனால் நினைவுச் செல்கள் மிச்சம் இருக்கும், திரும்ப ஒரு தடவை புரதம் பலமாக உள்ளே போனால் ஐஜிஈ உற்பத்தி மறுபடி ஏறிவிடும். அதனால் பரிசோதனையில் எண் குறைந்துவிட்டது என்பதை வைத்துக்கொண்டு கையுறையை மாட்டிப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே கடுமையான எதிர்வினை வந்தவர்கள் அட்ரினலின் ஊசியைக் கூடவே வைத்திருக்க வேண்டும். பல் சிகிச்சையோ, பிரசவமோ, அறுவையோ எதுவானாலும் தேதி குறிக்கும்போதே "எனக்கு லேடெக்ஸ் அலர்ஜி, நிமிடங்களில் வரும் வகை" என்று சொல்லிவிட வேண்டும். மேசையில் படுத்த பிறகு சொன்னால் அறையில் இருக்கும் கையுறை, குழாய், கட்டு எல்லாவற்றையும் மாற்ற அவர்களுக்கு நேரம் இருக்காது.